கோட்டையும் கட்டளையும்: மருதநாயகம் என்னும் கான்சாகிபு

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வடக்கே அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், 1746 அக்டோபரில், ஒரு சிறு போர் நிகழ்ந்தது. ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனின் மகன் மாபூஸ்கான் ஏறத்தாழ 10,000 வீரரோடு நின்றார். எதிரே வந்த பிரெஞ்சுப் படையில் ஏறக்குறைய 1,000 பேரே இருந்தனர். ஆயினும் அச்சிறுபடையே வென்றது. ஒரே ஆணைக்கு ஒருசேரச் சுடவும் நகரவும் பழகிய படையின் முன்னே, தலைவர் பலராய்த் திரண்ட கூட்டம் சிதறியது. அந்தப் பாடத்தைத் தமிழரில் எவரினும் தெளிவாகக் கற்றவர் ஒருவர் உண்டு. அவர் வாழ்வையும் வீழ்ச்சியையும் அப்பாடமே விளக்குகிறது எனலாம்.

இராமநாதபுரச் சீமைப் பனையூரில், 1725ஆம் ஆண்டையொட்டி, வேளாளர் குடியில் பிறந்த மருதநாயகமே அவர். இளமையில் வீட்டை நீங்கி, இசுலாம் தழுவி, முகம்மது யூசுப்கான் ஆனார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் பணிபுரிந்து ஐரோப்பியப் போர்முறையை அறிந்தார். 1752இல் கிளைவின் படையிற் சேர்ந்தார். வழியறிதல், உளவறிதல், உணவு வண்டிகளைக் காத்து நடத்துதல் ஆகியவற்றில் அவர் காட்டிய திறம் கண்ட கும்பினியார், அவருக்குப் பொற்பதக்கம் அணிவித்துத் தம் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவராக்கினர். மக்கள் நாவில் அவர் கான்சாகிபு ஆனார்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு உள்ளே அடைபடாமல் வெளியே நின்று, செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுக்காரரின் உணவு வழிகளை அறுத்தவர்களுள் கான்சாகிபு தலையாயவர். அவருக்குத் தோள்கொடுத்து நின்ற ஆங்கில அதிகாரி பிரெஸ்டன். 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் நடந்த கடும்போரிலும் கான்சாகிபின் சிப்பாய்கள் நின்றனர். அடுத்த வாரமே முற்றுகை நீங்கியது. இந்தத் தோழமையை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும்.

அவ்வாண்டே, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய்க் குத்தகையில், மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. கொள்ளையை அடக்கினார், வணிகம் தழைக்க வழி செய்தார், மீனாட்சியம்மன் கோயிலின் தடைப்பட்ட பூசைகளை மீண்டும் நடக்கச் செய்தார். அதே கைதான் பாளையக்காரர்களை நசுக்கியது. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் கோட்டைகள் 1761இல் வீழ்ந்தது அவர் கையாலேயே. இவ்விரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பாடுவது வரலாறு ஆகாது.

கான்சாகிபை நியமித்தவர் கும்பினியார். நாட்டுக்கு உரியவர் என்று சொல்லப்பட்டவர் நவாபு முகம்மதலி. ஆணை எவரிடமிருந்து வருவது என்னும் வினாவே பூசலின் வித்து. கும்பினிக்கு மட்டும் பொறுப்புடையவராக இருக்கக் கான்சாகிபு விரும்பினார். கூடுதல் தொகை தருவதாகவும் கூறினார். நவாபோ அவரைத் தம் பணியாளராகவே கருதினார். கும்பினியும் நவாபின் பக்கமே சாய்ந்தது. 1763இல் கான்சாகிபு கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நேற்றுவரை ஒரே பாசறையில் உண்டவர்கள் இரு கூறாயினர்.

அவர் செய்த ஆயத்தம் வியப்பிற்குரியது. நாயக்கர் காலத்து மதுரைக் கோட்டையின் மதில்களையும் அகழியையும் செப்பனிட்டார். பீரங்கிகளும் வெடிமருந்தும் சேர்த்தார். சிப்பாய்களுக்கு ஐரோப்பியப் பயிற்சி தந்தார். மர்ச்சாந்து என்பவர் தலைமையில் பிரெஞ்சு வீரர் குழுவொன்றையும் அமர்த்திக்கொண்டார். ஆனால் அவர் ஏற்றிய கொடிக்கு உரியோர் துணைக்கு வரக்கூடிய நிலையில் இல்லை. 1761இல் புதுச்சேரி வீழ்ந்திருந்தது. 1763 பிப்ரவரியில் பாரிசில் எழுதப்பட்ட உடன்படிக்கையில் பிரான்சே முகம்மதலியை நவாபாக ஒப்புக்கொண்டது. புதுக்கோட்டைத் தொண்டைமானும் மறவர் சீமையாரும் எதிரணியில் நின்றனர். தாம் முன்பு அடக்கிய பாளையங்களிடம் அவர் எவ்வாறு உதவி கேட்பார்?

1763இல் மான்சன் தலைமையில் வந்த படை மழைக்காலத்தில் பின்வாங்கியது. 1764இல் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தது. சூன் 26ஆம் நாள் மதிலை ஏறித் தாக்கியவர்கள் பேரிழப்போடு துரத்தப்பட்டனர். அன்று இறப்புக்குரிய காயம் பட்டவர்களுள் ஒருவர், ஐந்தாண்டுகளுக்கு முன் சென்னையைக் காக்க அவரோடு தோள்நின்ற அதே பிரெஸ்டன். உள்நாட்டுப் போரின் கொடுமையைக் கூற இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மதில் வீழவில்லை, மதிலுக்கு உள்ளே இருந்த கட்டளைமுறையே வீழ்ந்தது. எல்லா ஆணையும் ஒருவர் வாயிலிருந்தே பிறந்தது. அவருக்கு அடுத்து நின்று பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. மர்ச்சாந்துக்கும் அவருக்கும் மனக்கசப்பு முற்றியது. முற்றுகையால் உணவு அருகியபோது, அவரவர் தத்தம் உயிருக்கு வழி தேடலாயினர். அக்டோபர் 13ஆம் நாள் தொழுகையில் இருந்த கான்சாகிபைத் திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபாசாகிபு, மர்ச்சாந்து ஆகியோர் கூடிப் பிணித்தனர். 15ஆம் நாள் மதுரைக்கு அருகே தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

விடுதலை வீரர் என்பாரும் உண்டு. பதவியாசை கொண்ட கூலிப்படைத் தலைவர் என்பாரும் உண்டு. நாட்டார் இரண்டையும் சொல்லவில்லை. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலில் அவர் வீரமும் உண்டு, சினமும் உண்டு, காட்டிக்கொடுக்கப்பட்ட துயரும் உண்டு. மதுரையின் கான்சாமேட்டுத் தெரு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தீர்ப்பைச் சொல்ல விரைவோர்க்கு, கதை முழுவதையும் பாடிவிட்டுத் தீர்ப்பைக் கேட்போரிடம் விட்ட அந்தப் பெயரறியாப் புலவர் நல்ல ஆசிரியர். மக்கள் வரலாற்றைப் பாட முற்படும் நம் கவிஞர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம்.