காற்றை அறிந்த பொறியாளர்

நுழையும்முன்

தணிந்து கிடக்கும் அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் தணல் கனன்று எழுகிறது. விறகு கூடவில்லை; காற்றுதான் கூடியது. மகிழுந்தின் எந்திரமும் ஒருவகையில் அடுப்பே. அதன் ஆற்றலுக்கு எல்லை வகுப்பது எரிபொருள் அன்று. அதனுள் சென்று சேரும் ஆக்சிஜன் என்னும் உயிர்வளியே ஆகும். எந்திரத்திற்கு உயிர்வளியை மிகுதியாக ஊட்டி ஆற்றலைப் பெருக்க முயன்றோர் பலர். அவ்வாறு ஊட்டும்போது உருளைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை அறிவதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்ட பொறியாளர் ஒருவரின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பொறியியல் குடும்பம்

ஹாரி ரிக்கார்டோ 1885ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஹால்சி ரிக்கார்டோ கட்டடக் கலைஞர். கொல்கத்தாவை அடுத்துள்ள ஹௌரா தொடர்வண்டி நிலையத்தின் கட்டடத்தை வடிவமைத்தவர் அவரே. தாய்வழிப் பாட்டனாரான சர் அலெக்சாண்டர் ரெண்டல், இந்திய இருப்புப்பாதைகளுக்கும் பாலங்களுக்கும் ஆலோசகராக விளங்கிய பொறியாளர். வடிவமும் வலிமையும் நாள்தோறும் பேசப்பட்ட வீட்டில் ஹாரி வளர்ந்தார்.

1898ஆம் ஆண்டில் பாட்டனார் மகிழுந்து ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தின் சாலைகளில் குதிரை வண்டிகளே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஊர்திக்குள் மறைந்திருந்து இயங்கும் எந்திரம் பதின்மூன்று வயதுச் சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தது. வீட்டிலேயே சிறு பட்டறை அமைத்துக் கடைசல் எந்திரத்தில் உறுப்புகளைக் கடைந்து பழகினார். கையால் செய்து பார்த்தே ஒன்றைப் புரிந்துகொள்ளும் அப்பழக்கம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

கேம்பிரிட்ஜில் எழுந்த வினா

1903ஆம் ஆண்டில் ரிக்கார்டோ கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கே ஒரு போட்டி நடைபெற்றது. ஒரு லிட்டருக்குச் சற்றே மிகுந்த அளவு பெட்ரோலைக் கொண்டு மிகுந்த தொலைவு செல்பவரே வெற்றியாளர். ரிக்கார்டோ தாமே வடிவமைத்த எந்திரம் பூட்டிய மோட்டார் மிதிவண்டியில் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் சென்று வென்றார். அவ்வெற்றி பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சனின் பார்வையை அவர்மீது திருப்பியது. உள்ளெரி எந்திரங்களை ஆராயுமாறு பேராசிரியர் அவரை ஊக்குவித்தார்.

அக்காலத்து எந்திரங்களுக்கு விளங்காத நோய் ஒன்று இருந்தது. ஆற்றலைப் பெருக்க, உருளைக்குள் காற்றும் எரிபொருளும் கலந்த கலவையை மேலும் இறுக்கி அழுத்துவர். ஓர் எல்லையைக் கடந்ததும், சுத்தியலால் இரும்பில் தட்டுவதுபோன்ற ஒலி எந்திரத்திலிருந்து எழும். ஆற்றல் குறையும், உலோகம் சூடேறும், இறுதியில் உந்துதண்டே உடைந்துபோகும். தீப்பொறி எழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதுதான் இதற்குக் காரணம் எனப் பலர் எண்ணினர்.

ஹாப்கின்சனும் ரிக்கார்டோவும் அவ்வாறு எண்ணவில்லை. தீப்பொறி உரிய நேரத்தில்தான் எழுகிறது. சுடரும் ஒழுங்காகவே பரவத் தொடங்குகிறது. எரிந்து விரிவடையும் வளிமம், தனக்கு முன்னே இன்னும் எரியாமல் இருக்கும் கலவையை உருளையின் மூலைக்கு நெருக்குகிறது. நெருக்கத்தால் வெப்பம் ஏறி, அந்தக் கடைசிப் பகுதி சுடர் வந்து சேரும்முன் தானே ஒருசேர வெடிக்கிறது. அந்த வெடிப்பின் அதிர்வே தட்டல் ஒலி. தட்டல் வேறு, முந்திப் பற்றுதல் வேறு என்னும் இத்தெளிவே ரிக்கார்டோவின் பிற்காலப் பணிகள் அனைத்திற்கும் வேராயிற்று.

புகையைக் களைந்த எந்திரம்

முதல் உலகப்போர் மூண்டது. 1916ஆம் ஆண்டில் பிரித்தானியப் படை, டாங்கி என்னும் கவச ஊர்தியைப் போர்க்களத்தில் இறக்கியது. அதில் 105 குதிரைத்திறன் எந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. அதன் உருளைகளில் எண்ணெய் கசிந்து எரிந்தமையால் அடர்ந்த புகை எழுந்தது. பள்ளத்தில் பதுங்கி நிற்கும் டாங்கியை அதன் புகையே எதிரியின் பீரங்கிக்குக் காட்டிக்கொடுத்தது. உள்ளே எட்டுப் பேர் இருந்தனர். அவர்களுடைய உயிர் எந்திரத்தின் புகையைச் சார்ந்திருந்தது.

புதிய எந்திரத்தை வடிவமைக்கும் பொறுப்பு ரிக்கார்டோவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. அலுமினியமும் உயர்வகை எஃகும் வானூர்திகளுக்கே தேவைப்பட்டதால் அவை கிடைக்கவில்லை. டாங்கிகளுக்குத் தரம் குறைந்த பெட்ரோலே ஒதுக்கப்பட்டது. வார்ப்பிரும்பையும் சாதாரண எஃகையும் கொண்டு, புகை எழுப்பாமல், முன்னைவிடப் பெரும் ஆற்றல் தரும் எந்திரத்தை அவர் உருவாக்க வேண்டியிருந்தது.

உந்துதண்டின் கீழே தனி வழிகாட்டி ஒன்றை அமைத்து, மசகெண்ணெய் எரியறைக்கு ஏறாதவாறு அவர் தடுத்தார். ஆறு உருளைகள் கொண்ட அவ்வெந்திரம் 150 குதிரைத்திறனை இலக்காகக் கொண்டு வடிவமைக்கப்பட்டது; சோதனையில் இலக்கையும் கடந்தது. அது பொருத்தப்பட்ட ஐந்தாம் வகை டாங்கிகள் 1918ஆம் ஆண்டு ஜூலையில் ஹாமல் போரிலும், ஆகஸ்டு 8ஆம் நாள் தொடங்கிய அமியான் போரிலும் முன்னேறின. கிடைக்காத பொருளை எண்ணி வருந்தாமல், கிடைத்த பொருளின் இயல்பை அறிந்து செயற்பட்டதன் பயன் அது.

வீணென எரிக்கப்பட்ட பெட்ரோல்

போர்க்காலத்திலேயே ரிக்கார்டோ பலவகைப் பெட்ரோல்களைத் தம் எந்திரத்தில் இட்டுச் சோதித்தார். அவற்றுள் ஒன்று, மற்றவை தட்டத் தொடங்கிய அழுத்தத்திலும் அமைதியாக எரிந்தது. அது போர்னியோ தீவிலிருந்து வந்த மாதிரி. அடர்த்தி மிகுந்ததாகையால் விற்பனைக்கு ஏற்றதன்று எனக் கருதி, அதனை அங்கே வீணாக எரித்துக்கொண்டிருந்தனர். அரோமேட்டிக் சேர்மங்கள் மிகுந்திருந்தமையே அதன் சிறப்புக்குக் காரணம். எரிபொருளின் தரத்தை அடர்த்தியைக் கொண்டு அளந்த உலகம், தவறான அளவுகோலைக் கையில் வைத்திருந்தது.

சரியான அளவுகோலை உருவாக்க ரிக்கார்டோ முற்பட்டார். 1919ஆம் ஆண்டில் ஷோராம் என்னும் கடலோர ஊரில் ஆய்வுக்கூடம் நிறுவினார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் ஒற்றை உருளை எந்திரம் ஒன்றை வடிவமைத்தார். ஹென்றி டிசார்டு, டேவிட் பை ஆகிய அறிவியலாளர் துணைநிற்க, ஒவ்வோர் எரிபொருளும் எந்த அழுத்தத்தில் தட்டத் தொடங்குகிறது என அளந்தார். தட்டலை எதிர்க்கும் டொலுவீன் என்னும் சேர்மத்தோடு ஒப்பிட்டு எரிபொருள்களை வரிசைப்படுத்தினர். இன்று நாம் அறிந்துள்ள ஆக்டேன் எண்ணுக்கு முன்னோடி இம்முறையே.

இருக்கும் காற்றை முழுமையாகப் பயன்படுத்துதல்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோகிராம் காற்று வேண்டும். காற்றின் எடையில் ஏறக்குறைய 23 விழுக்காடே உயிர்வளி. எஞ்சிய பெரும்பகுதி நைட்ரசன். எனவே பெட்ரோலை மட்டும் கூடுதலாக ஊற்றினால் ஆற்றல் பெருகாது. எரியாத எரிபொருள் கரும்புகையாகவே வெளியேறும்.

புதிய காற்றைத் தேடுமுன், உள்ளே வந்த காற்று முழுமையாகப் பயன்படுகிறதா என ரிக்கார்டோ வினவினார். எரியறையின் வடிவத்தை மாற்றி, கலவை சுழன்று கொந்தளிக்குமாறு செய்தார். கொந்தளிப்பால் சுடர் விரைந்து பரவியது. அறை கச்சிதமானதால் சுடர் செல்லவேண்டிய தொலைவு குறைந்தது. கடைசிப் பகுதி தானே வெடிப்பதற்கு நேரம் இல்லாமற்போயிற்று. மலிவான மகிழுந்துகளும் இம்மாற்றத்தால் கூடுதல் ஆற்றல் பெற்றன.

டீசல் எந்திரத்தில் இச்சிக்கல் வேறு வடிவம் கொண்டது. அங்கே முதலில் காற்று மட்டுமே அழுத்தப்படுகிறது; பின்னரே எரிபொருள் தெளிக்கப்படுகிறது. ஒவ்வொரு துளியும் தனக்குரிய உயிர்வளியை நொடிப்பொழுதின் சிறு பகுதிக்குள் அடைய வேண்டும். காற்றைச் சுழலவிடும் சிற்றறை ஒன்றை ரிக்கார்டோ அமைத்தார். 1931ஆம் ஆண்டில் உரிமம் பெற்ற 'காமெட்' என்னும் அவ்வடிவம் இலண்டன் மாநகரப் பேருந்துகளில் இடம்பெற்றுப் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது.

வானில் மெலிந்த காற்று

இரண்டாம் உலகப்போரில் எந்திரங்கள் மிக உயரத்தில் இயங்க நேர்ந்தது. தரையிலிருந்து 10,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கே. 1942ஆம் ஆண்டில் செருமானிய வானூர்திகள் சில 12,000 மீட்டருக்கும் மேலே பறந்து இங்கிலாந்தின்மீது வந்தன. அவற்றைத் துரத்த எழும் வானூர்திகளின் எந்திரங்கள் மூச்சுத் திணறின. மெலிந்த காற்றை அழுத்தி ஊட்டும் மிகையூட்டிகள் இருந்தன. ஆனால் அழுத்த அழுத்தக் காற்று சூடேறும். சூடேறினால் பழைய தட்டல் தலைகாட்டும்.

இந்நிலையில், உயிர்வளியையே தனியாக எடுத்துச்சென்று எந்திரத்திற்கு ஊட்டினால் என்ன என்னும் எண்ணம் ஆராயப்பட்டது. மரத்தாலான மாசுகிட்டோ வானூர்தியின் மெர்லின் எந்திரத்திற்கு உயிர்வளி மிகுவிக்கும் முயற்சியில் ரிக்கார்டோவின் நிறுவனமும் பங்கேற்றது.

இங்கேதான் காற்றின் இயல்பை அறிவதன் இன்றியமையாமை விளங்குகிறது. எரிதலில் பங்கேற்காத நைட்ரசன் வீணானதுபோலத் தோன்றும். உண்மையில், எரிதலின் வெப்பத்தில் பெரும்பங்கைத் தான் ஏற்றுச் சுடரை மட்டுப்படுத்துவது அதுவே. உயிர்வளியின் பங்கை உயர்த்தும்போது அக்கடிவாளம் தளர்கிறது. சுடர் கடுமையாகிறது, தட்டல் எளிதில் தோன்றுகிறது, அடைப்பிதழ்களும் உந்துதண்டும் உருகும் நிலைக்கு வருகின்றன. உயிர்வளியைத் திரவ நிலையில் செலுத்தினால், அதன் கடுங்குளிர் உள்வரும் காற்றைக் குளிர்விக்கும் என்பது ஒரு நன்மை. ஆயினும் திரவ உயிர்வளியின் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே 183 பாகை செல்சியஸ். அதனைச் சேமிப்பதும் கையாள்வதும் எளிதன்று. எண்ணெய்ப் பசையோடு அது கலந்தால் பெருவெடிப்பு நேரும். வானூர்தி சுமந்து செல்லும் கலம் சில நிமிடங்களுக்கே போதும்.

தெரிந்து தெளிவோம்

உயிர்வளிக்கு மாற்றாக நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வளிமம் பயன்பட்டது. அறுவை மருத்துவத்தில் 'சிரிப்பூட்டும் வாயு' எனப்படுவது இதுவே. எந்திரத்தின் வெப்பத்தில் இது சிதைந்து உயிர்வளியையும் நைட்ரசனையும் தருகிறது. இதன் எடையில் ஏறத்தாழ 36 விழுக்காடு உயிர்வளி. உடன்வரும் நைட்ரசன் சுடரை மட்டுப்படுத்துகிறது. செருமானிய வானூர்திகளிலும், 1944ஆம் ஆண்டில் பிரித்தானிய மாசுகிட்டோ வானூர்திகள் சிலவற்றிலும் இது பொருத்தப்பட்டது. பந்தய மகிழுந்துகள் இன்று கையாளும் முறையின் தோற்றுவாய் இப்போர்க்கால ஆய்வுகளே.

அளந்தறிந்து கடந்தவர்

1929ஆம் ஆண்டில் அரச கழகம் ரிக்கார்டோவை உறுப்பினராக ஏற்றது. 1944ஆம் ஆண்டில் ரம்ஃபோர்டு பதக்கமும், 1948ஆம் ஆண்டில் 'சர்' பட்டமும் அவரை வந்தடைந்தன. உள்ளெரி எந்திரம் பற்றி அவர் எழுதிய நூல்கள் பொறியியல் மாணவர்க்கு நெடுங்காலம் வழிகாட்டின. 1974ஆம் ஆண்டு மே 18ஆம் நாள், தம் 89ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார்.

ஆற்றலைப் பெருக்கும் ஆர்வம் இன்றைய இளைஞரிடமும் உண்டு. மகிழுந்தின் எந்திரத்திற்கு உயிர்வளியைக் கூடுதலாக ஊட்டினால் வேகம் கூடும் என்பது உண்மையே. அவ்வாறு ஊட்டப்பட்ட எந்திரம் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும், எந்த எரிபொருளைக் கேட்கும், எவ்விடத்தில் முதலில் உடையும் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் செய்யப்படும் மாற்றம், ஓட்டுபவரின் உயிரையும் சாலையில் செல்வோரின் உயிரையும் பணயம் வைப்பதாகும். ரிக்கார்டோ எந்திரங்களின் எல்லையைப் பலமுறை கடந்தவர். ஒவ்வொரு முறையும் அந்த எல்லை எங்கே உள்ளது, எதனால் உள்ளது என அளந்தறிந்த பின்னரே அவர் கடந்தார். தட்டல் ஒலியைக் கேட்ட மற்றவர்கள் எந்திரத்தை நிறுத்தினர்; அவரோ அது சொல்வது என்ன எனக் காதுகொடுத்துக் கேட்டார். அவருடைய ஆற்றல் அங்கிருந்தே பிறந்தது.

கற்பவை கற்றபின்...

1. எந்திரத்தின் ஆற்றலை எரிபொருளைவிட உயிர்வளியே வரையறுக்கிறது என்னும் கருத்தை, அன்றாட வாழ்வின் எடுத்துக்காட்டுகளைக் கொண்டு வகுப்பறையில் விளக்குக.

2. எரிதலில் நைட்ரசன் வகிக்கும் பங்கினை வேதியியல் ஆசிரியரிடம் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.

3. உங்கள் ஊரிலுள்ள ஊர்திப் பணிமனைக்குச் சென்று, எந்திரத்தில் தட்டல் ஒலி எழுவதற்கான காரணங்களைத் தொழில்நுட்பரிடம் உரையாடித் தொகுக்க.

4. 'அறிந்து செய்யும் மாற்றமே முன்னேற்றம்' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.