இறால் பண்ணைகளை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன காந்தியவாதி: யார் இந்த ஜெகநாதன்?

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கு நன்றாகவே தெரியும். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு அது. நாடு முழுக்கக் கடலோர இறால் பண்ணைகளை உலுக்கிய தீர்ப்பு. ஆனால் வழக்குப் போட்டவர் யார் என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. பெயரில் கூட ஒரு ‘ன்’ விடுபட்டுத்தான் சட்டப் புத்தகங்களில் அச்சாகியிருக்கிறது.

அவர் சங்கரலிங்கம் ஜெகநாதன். வழக்குத் தொடுத்தபோது வயது சுமார் 80. விஞ்ஞானி கிடையாது, மீனவர் கிடையாது, வக்கீலும் கிடையாது. வாழ்நாள் முழுக்க நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதையே வேலையாக வைத்திருந்தவர். அப்படிப்பட்டவர் இறால் குளத்துப் பக்கம் ஏன் போனார்?

வசதியை விட்டு வந்தவர்

ராமநாதபுரம் சீமையில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் ஜெகநாதன். 1930-களில் காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனார். சுதந்திர இந்தியாவில்தான் கல்யாணம் என்று உறுதியாக இருந்து, 1950-ல் கிருஷ்ணம்மாளை மணந்தார். கிருஷ்ணம்மாள் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்து, படித்து, காந்திய இயக்கத்துக்கு வந்தவர். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் வினோபா பாவேயின் பூமிதான இயக்கம். வட இந்தியாவில் வினோபாவோடு நடந்தவர், தமிழ்நாட்டுக்குத் திரும்பி இங்கேயும் நடந்தார். நிலச்சுவான்தார்களிடம் நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கி, இல்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலை. தானமாகக் கிடைத்ததில் கணிசமானவை தரிசும் வில்லங்கமும்தான் என்பது பூமிதானத்தின் பழைய குறை.

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கிழக்குத் தஞ்சையில் உள்ள கீழ்வெண்மணியில் கூலிப் பிரச்சினையில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தம்பதி டெல்டாவைத் தங்கள் களமாக்கிக்கொண்டது. வலிவலத்தில் கோயில் நிலங்களுக்காகச் சத்தியாகிரகம், மறுபடி மறுபடி சிறை. 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தானத்துக்குக் காத்திருக்காமல், வங்கிக் கடன் ஏற்பாடு செய்து நிலத்தை விலைக்கே வாங்கி, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்ற கணக்கில், பெண்கள் பெயரிலேயே பட்டா. இப்படிக் கைமாறியது சுமார் 13,000 ஏக்கர்.

நெல் வயலில் உப்புத் தண்ணீர்

1990-களின் தொடக்கத்தில் டெல்டாவின் கடலோரத்துக்குப் புதுப் பணம் வந்தது. சீர்காழி, தரங்கம்பாடி பக்கமெல்லாம் புலி இறால் பண்ணைகள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நல்ல விலை. கடைமடை வயலுக்குக் காவிரித் தண்ணீர் வந்து சேர்வதே நிச்சயமில்லாத நிலையில், நிலத்தை விற்றவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் இறால் குளம் அடுத்த வயலைச் சும்மா விடாது. குளத்து உப்புநீர் கசிந்து பக்கத்து நிலத்திலும் கிணற்றிலும் இறங்குகிறது. உப்பைக் குறைக்க நிலத்தடி நன்னீரை இறைத்துக் கலந்தால், ஊர்க் குடிநீரும் கெடுகிறது. நெல் வயல் குளமானதும் நடவு, களை, அறுவடை என்று கூலிப் பெண்களுக்கு இருந்த வேலையும் போயிடுச்சு. ஒரு ஏக்கர் பட்டா கொடுத்த மனிதருக்கு இது நேரடி அடி. பட்டா அந்தப் பெண்ணிடமே இருக்கும், ஆனால் அந்த மண்ணில் நெல் விளையாது. 1993-ல் தம்பதி இருவரும் பண்ணைகளுக்கு எதிராகச் சத்தியாகிரகத்தில் இறங்கினார்கள். 1994-ல் ஜெகநாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

தீவனக் கணக்கு

உப்பு கண்ணுக்குத் தெரிந்த பிரச்சினை. தெரியாத இன்னொன்று தீவனம்.

இறால் தீவனத்தில் மீன் தூள், சோயா, கோதுமை மாவு எல்லாம் இருக்கும். கோதுமை மாவுதான் குருணையைத் தண்ணீரில் கரையாமல் பிடித்து வைக்கிறது. ஒரு டன் இறால் எடுக்க ஒன்றரை டன் தீவனம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 38 சதவீதம் புரதம் என்றால், உள்ளே போகும் நைட்ரஜன் சுமார் 90 கிலோ. அறுவடையாகும் இறாலின் உடம்பில் வெளியே வருவது 30 கிலோவுக்கும் கொஞ்சம் கம்மி. மீதி 60 கிலோ? தின்னாமல் கரைந்த தீவனமாகவும் இறாலின் கழிவாகவும் குளத்திலேயே தங்குகிறது. விவசாயி கணக்கில் சொன்னால் 45 கிலோ யூரியா மூட்டை மூன்று. ஒவ்வொரு டன் இறாலுக்கும் மூன்று மூட்டை!

இதில் ஒரு பங்கு காற்றோடு போகும், ஒரு பங்கு அடிச்சேற்றில் படியும். மிச்சம் குளத்தைத் திறந்துவிடும்போது வடிகாலுக்கும் உப்பனாறு மாதிரியான ஆறுகளுக்கும் வரும். அங்கே பாசி மண்டும். பகலில் ஆக்சிஜனைக் கொடுக்கும் அதே பாசி ராத்திரியில் அதை இழுத்துக்கொள்ளும். விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் பிளப்பது அதனால்தான். ஒரு பண்ணை வெளியேற்றும் தண்ணீரை அடுத்த பண்ணை உள்ளே இழுக்கும்போது, கழிவோடு நோயும் சேர்ந்து போகிறது. 1994-95 வாக்கில் கிழக்குக் கடற்கரையை வெள்ளைப்புள்ளி நோய் தாக்கியபோது, வழக்கு முடிவதற்கு முன்பே பல குளங்கள் காலியாகிவிட்டன.

தீர்ப்பு என்ன சொன்னது?

நாக்பூரில் உள்ள நீரி ஆய்வு நிறுவனத்தை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். பண்ணைகளால் வரும் வருமானத்தைவிடச் சூழலுக்கும் மக்களுக்கும் ஏற்படும் இழப்பு அதிகம் என்பது அந்த அறிக்கையின் சாரம். நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு அதை ஏற்றது. 1991 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி அந்த மண்டலத்துக்குள் இறால் குளங்கள் கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. விளைநிலம், உப்பளம், சதுப்புநிலம், ஊர்ப் பொதுநிலம் எதையும் குளமாக்கக் கூடாது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும். வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கு ஆறு வருஷச் சம்பளம். பாரம்பரிய முறையில் நடத்துபவர்களுக்கு மட்டும் விலக்கு.

ஜெகநாதன் ஜெயித்துவிட்டார். ஆனால் காகிதத்தில் மட்டும்தான். மறுஆய்வு மனுக்கள் குவிந்து, இடிப்பு நின்றுபோனது. 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1991 அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்கு ஆரம்பத்திலிருந்தே பொருந்தாது என்று முன்தேதியிட்டுச் சொன்னது அந்தச் சட்டம். தீர்ப்பு நின்ற அடித்தளத்தையே உருவிவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பதிலுக்குக் கிடைத்தவை பதிவு, கட்டுப்பாடு, விதிமுறைகள். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குக் கழிவுநீர் சுத்திகரிப்பு கட்டாயம். நல்ல விதிதான், ஆனால் இங்கே பெரும்பாலானவை சின்னப் பண்ணைகள். தனித்தனியாகப் பார்த்தால் யாரும் விதியை மீறவில்லை, வடிகாலுக்கோ எல்லோருடைய தண்ணீரும் சேர்ந்துதான் வருகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. இந்தச் சட்டம் உவர்நீருக்கு மட்டும்தான். தஞ்சாவூர் உள்பகுதியில் கட்லா, ரோகு வளர்க்கும் நன்னீர்க் குளங்கள் இதில் வராது. அங்கே தீவனம் பெரும்பாலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் நிறைய. ஆனால் அதில் பெரும்பகுதி பைட்டேட் என்ற வடிவில் இருப்பதால் மீனால் செரிக்க முடியாது, அப்படியே தண்ணீருக்கு வந்துவிடும். அளவோடு இருந்தால் அது கட்லாவுக்கு இரையாகும் நுண்ணுயிர்களை வளர்க்கும். அளவு மீறினால் குளமே பச்சையாகும்.

2008-ல் ஜெகநாதன், கிருஷ்ணம்மாள் இருவருக்கும் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டே புலி இறாலுக்குப் பதில் வனாமி இறாலை வளர்க்க அரசு அனுமதி தந்தது, குளங்கள் மறுபடி நிரம்பத் தொடங்கின. 2013 பிப்ரவரி 12 அன்று, நூறை நெருங்கிய வயதில் ஜெகநாதன் காலமானார். பத்து வருஷம் கழித்து, 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இந்தத் தொழிலை நடத்தலாம் என்பதை நாடாளுமன்றம் இன்னொரு முறை தெளிவுபடுத்தியது.