மஞ்சள் தீயை நீலமாக்கியவர்: யார் இந்த ராபர்ட் புன்சன்?

தர்மபுரியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். அண்டா ஏற்றும் பெரிய கேஸ் அடுப்பைப் பற்றவைத்ததும் சமையல் மாஸ்டர் முதலில் பார்ப்பது தீயின் நிறத்தைத்தான். மஞ்சளாக அலைந்தால், குனிந்து, அடுப்புக் குழாயின் கழுத்தில் இருக்கும் காற்றுத் தகட்டைக் கொஞ்சம் திருப்புவார். தீ நீலமாகி, சீரான இரைச்சலோடு நிமிர்ந்து நிற்கும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்ம ஊர் இன்ஜினீயர் ஒருவர், வார இறுதியில் வீட்டுக் கொல்லையில் புரொப்பேன் பர்னர் வைத்து சொந்தமாக பீர் காய்ச்சினால், அவர் செய்வதும் இதே வேலைதான். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து எடுத்த இனிப்பான தண்ணீர் 20 லிட்டரை சுமார் ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். தீ சரியில்லை என்றால் பாத்திரம் கரியாகும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும்.

இதைப் படித்துவிட்டு பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ யாரும் பீருக்கு அண்டா ஏற்றிவிட வேண்டாம்! அமெரிக்காவில் வீட்டுத் தேவைக்கு பீர் காய்ச்ச 1978-ல் மத்திய சட்டமே வழிவிட்டது. நம்ம ஊரில் கதை வேறு. 1937-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அந்தச் சட்டம் முதன்முதலில் அமலான இடமே அன்றைய சேலம் மாவட்டம்தான். அப்போது தர்மபுரியும் அதற்குள்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1965-ல். டாஸ்மாக் கடை வந்த பிறகும் அந்தத் தடை அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் தீயை நீலமாக்கத் தடை இல்லையே. அந்த நீலத் தீயை உலகம் முழுக்கக் கொண்டுபோன பெயர் ராபர்ட் புன்சன். பிளஸ் டூ வேதியியல் லேப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்த பெயர், பர்னரில். அந்த மனிதரைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியாது.

ஒரு கண்ணை வாங்கிய ஆய்வு

1811 மார்ச் மாதம் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்தார். அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர், நூலகர். புன்சன் 20 வயதிலேயே டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, ஐரோப்பா முழுக்க ஆய்வகங்களையும் தொழிற்சாலைகளையும் சுற்றிப் பார்த்தார்.

முதல் பெரிய வேலை ஆர்சனிக் தொடர்பானது. ஆர்சனிக் விஷம் உடம்பில் ஏறினால், நீர் கலந்த இரும்பு ஆக்சைடு முறிமருந்தாகும் என்று 1834-ல் ஒரு மருத்துவரோடு சேர்ந்து காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 1836-ல் காசல் நகருக்கு வேலைக்குப் போன பிறகு, காக்கோடைல் என்ற ஆர்சனிக் சேர்மங்களைக் கையில் எடுத்தார். நாற்றம் தாங்காது, விஷம், காற்று பட்டாலே தீப்பிடிக்கும். ஓர் ஆய்வின்போது அது வெடித்துச் சிதற, கண்ணாடித் துண்டு பாய்ந்து வலது கண்ணின் பார்வை போனது. ஆர்சனிக் விஷம் ஏறி உயிர் பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

பிழைத்து வந்து ஆய்வை முடித்தார். ஆனால் அதன் பிறகு கரிம வேதியியல் பக்கமே போகவில்லை. நீங்களோ நானோ என்றால் லேப் பக்கமே போயிருக்க மாட்டோம்.

உலைப் புகையில் போன பணம்

புன்சனின் அடுத்த வேலைதான் நம் அடுப்புக்கு நேராக வருகிறது. இரும்பு உருக்கும் ஊது உலைகளில் மேலே போகும் புகையைப் பிடித்து அளந்தார். ஜெர்மனியின் கரி உலைகளில் பாதிக்கு மேல் வெப்பம் வீணாக மேலே போவது தெரிந்தது. 1840-களில் லயன் பிளேஃபேரோடு இங்கிலாந்தில் அளந்தபோது நிலைமை இன்னும் மோசம், 80 சதவீதத்துக்கும் மேல் வீண்.

அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைய இருந்தது. முழுசாக எரியாத எரிபொருள் என்று பொருள். இன்னொரு முறை எரித்தால் இன்னும் வெப்பம் கிடைக்கும். அதை அப்படியே வானத்தில் விட்டுக்கொண்டிருந்தார்கள் முதலாளிகள்.

இதற்கு நடுவில் பிளாட்டினத்துக்குப் பதில் விலை குறைந்த கார்பன் போட்டு ஒரு மின்கலம் செய்தார். 1846-ல் ஐஸ்லாந்து போய், கொதிநீர் ஊற்று ஏன் விட்டுவிட்டுப் பீறிடுகிறது என்று அதன் குழிக்குள்ளேயே வெப்பமானி இறக்கி அளந்தார். நம் குக்கர் தத்துவம்தான்: ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் காத்திருக்கும். அழுத்தம் குறைந்த நொடியில் ஒரே வீச்சில் ஆவியாகும்.

டெசாகா செய்த பர்னர்

1852-ல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஊருக்குத் தெருவிளக்குக்காக நிலக்கரி வாயு வந்துகொண்டிருந்த காலம். புன்சனுக்குக் கட்டப்பட்ட புதிய ஆய்வகத்துக்கும் கேஸ் குழாய் வந்தது. ஆனால் அன்றைய கேஸ் பர்னர்கள் ஆய்வுக்கு உதவாது. தீ மஞ்சளாகப் புகைந்து கருவியெல்லாம் கரி பிடிக்கும், இல்லையென்றால் சூடு போதாது.

புன்சன் கேட்டது விசித்திரமான ஒன்று. வெளிச்சமே தராத, சூடு மட்டும் தரும் தீ வேண்டும். விளக்குக்காக வந்த வாயுவை வைத்துக்கொண்டு வெளிச்சம் வேண்டாம் என்றவர் அவர்!

அதற்கு வழி, கேஸ் எரிவதற்கு முன்பே அதில் காற்றைக் கலந்துவிடுவது. மஞ்சள் வெளிச்சம் என்பதே எரியாத கரித்துகள்கள் தணலாக மின்னுவதுதான். முன்கூட்டியே போதுமான காற்று சேர்ந்தால் கரித்துகளே உருவாகாது, தீ நீலமாகும். பல்கலைக்கழகக் கருவி வல்லுநர் பீட்டர் டெசாகாவிடம் 1854-ல் யோசனையைச் சொன்னார். குழாயின் அடியில் காற்று நுழையத் துளைகள் வைத்து, கேஸ் பாய்ந்து வரும் வேகமே காற்றை உள்ளே இழுக்கும்படி டெசாகா செய்து கொடுத்தார். 1855 தொடக்கத்தில் ஆய்வகம் திறந்தபோது மாணவர்களுக்கு 50 பர்னர்கள் தயார்.

இந்த வகையில் ஒரு பர்னரை மைக்கேல் ஃபாரடே முன்பே செய்திருந்தார். எனவே பெயர் முழுவதும் புன்சனுக்கே போனது கொஞ்சம் அநியாயம்தான், முக்கியமாக டெசாகாவுக்கு. அதேநேரம், புன்சன் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1857-ல் மாணவர் ராஸ்கோவோடு சேர்ந்து விவரத்தை வெளியிட்டார், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. இன்று வீட்டு ஸ்டவ், டீக்கடை அடுப்பு, பீர் காய்ச்சும் பர்னர் எல்லாம் ஓடுவது இதே முறையில்தான்.

சரி, தீயை எப்படிச் சரிசெய்வது?

ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். நம்ம ஊர் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த கேஸ், அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். இதில் ஒரு பகுதி ஜெட்டைத் தாண்டியதும் குழாய்க்குள் கலக்கிறது. மீதியைத் தீ சுற்றிலும் இருந்து எடுத்துக்கொள்கிறது.

காற்றுத் தகடு உள்ள பெரிய பர்னர் என்றால், கேஸைக் குறைவாக வைத்துப் பற்றவையுங்கள். தீ மஞ்சளாகச் சோம்பி எரிந்தால் காற்று போதவில்லை. தகட்டை மெதுவாகத் திறந்துகொண்டே போனால், நுனி மஞ்சள் மறைந்து உள்ளே கூரான நீலக் கூம்பு தெரியும். அங்கே நிறுத்த வேண்டும். இன்னும் திறந்தால் தீ இரைந்துகொண்டு பர்னரை விட்டு மேலே எழும்பும், அணைந்தும் போகலாம். அணைந்த பிறகு வருவது எரியாத கேஸ். அது காற்றைவிடக் கனமானது, தரையிலேயே தேங்கும். தீ குழாய்க்குள் இறங்கி ஜெட் அருகே எரிவதுபோல் சத்தம் வந்தால் யோசிக்காமல் கேஸை மூடிவிடுங்கள்.

தகட்டைத் திருப்பியும் மஞ்சள் போகவில்லையா? ஜெட்டிலோ குழாயிலோ அழுக்கு, பூச்சிக்கூடு இருக்கலாம். வீட்டு ஸ்டவ்வில் பெரும்பாலும் காற்றுத் துளை மாற்ற முடியாதபடி இருக்கும், அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே சரி. மஞ்சள் தீ என்றால் காசு மட்டும் போகவில்லை. புன்சன் உலைப் புகையில் அளந்த அதே கார்பன் மோனாக்சைடு உங்கள் சமையலறைக்குள் வரலாம், அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. பெரிய பர்னரை மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சோறு பொங்கி உப்புத் தண்ணீர் தீயில் வழிந்தால் ‘பளிச்’சென்று மஞ்சள் வரும். அது அடுப்பின் குறையல்ல, உப்பில் உள்ள சோடியம். அதற்காகத் தகட்டைத் தொட வேண்டாம்.

அந்த மஞ்சளில் இருந்து சூரியன் வரை

அந்தச் சோடியம் மஞ்சள்தான் புன்சனைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோனது. வெளிச்சமில்லாத தீ என்பதால், அதில் எந்த உப்பைக் காட்டினாலும் அதன் நிறம் சுத்தமாகத் தெரிந்தது. லேபில் நாம் சால்ட் அனாலிசிஸ் செய்தபோது ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை என்று எழுதினோமே, அதேதான். நிறங்கள் கலந்தால் கண் ஏமாறும். நண்பர் குஸ்தாவ் கிர்க்காஃப், அந்த ஒளியை முப்பட்டகம் வழியாகப் பிரித்துப் பார்க்கலாம் என்றார். 1859-ல் நிறமாலைமானி பிறந்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகை மாதிரி தனித்தனிக் கோடுகள்.

அடுத்த ஆண்டே டூர்க்ஹைம் ஊற்றுத் தண்ணீரில் இதுவரை யாரும் பார்க்காத நீலக் கோடுகள் தெரிந்தன. சுமார் 44,000 லிட்டர் தண்ணீரைக் காய்ச்சி வற்றவைத்து, சில கிராம் சீசியம் உப்பைப் பிரித்தார்கள். 1861-ல் ரூபிடியம். இன்று ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் மணி பார்ப்பது சீசியமும் ரூபிடியமும்தான், உங்கள் போன் வழி சொல்வது அந்தக் கணக்கில்.

ஒருநாள் இரவு தொலைவில் மன்ஹைம் நகரம் தீப்பற்றி எரிய, ஆய்வக ஜன்னலில் இருந்தபடியே அந்தத் தீயில் பேரியமும் ஸ்ட்ரான்ஷியமும் இருப்பதை இருவரும் கண்டார்கள். ஊர் தாண்டி எரியும் தீயைப் படிக்க முடிந்தால் சூரியனைப் படிக்க முடியாதா? படித்தார்கள். சூரியனில் சோடியம் இருப்பது தெரிந்தது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின்போது, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் குண்டூருக்கு பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் கொண்டுவந்தது இந்தக் கருவியைத்தான். அந்த ஆண்டு சூரிய ஒளியில் பிடிபட்ட புது மஞ்சள் கோடு, பின்னாளில் ஹீலியம் என்று அறியப்பட்டது.

புன்சன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 78 வயது வரை பாடம் நடத்தி, 1889-ல் ஓய்வு பெற்று, 1899 ஆகஸ்ட் 16-ல் ஹைடல்பர்கிலேயே இறந்தார். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் கார்ல் அவர். வெளிச்சம் வேண்டாம் என்று ஆசிரியர் உருவாக்கிய அதே நீலத் தீயின் மேல், உலோக உப்பில் நனைத்த வலையை மாட்டி, 1885-ல் அதிலிருந்தே வெளிச்சம் எடுத்தார் அவர். கரண்ட் வராத காலத்தில் ஊர்த் திருவிழாவுக்குக் கூலிக்கு எடுத்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேன்டில் அதுதான். ஆமாம், ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் கையில் நசுங்கி, கவுண்டமணியைக் கதறவைத்த அதே மேன்டில்.