சிலை பால்டோவுக்கு, நெடுந்தூர ஓட்டம் டோகோவுக்கு: யார் இந்த லியோன்ஹார்ட் செப்பாலா?

1995-ல் வந்த 'பால்டோ' அனிமேஷன் படத்தைப் பலர் சின்ன வயசுல பார்த்திருப்பீங்க. அலாஸ்காவின் ஒரு ஊருக்கு நாய்கள் மருந்து கொண்டுபோன உண்மைச் சம்பவம்தான் அதன் அடிப்படை. ஆனால் அந்தப் பயணத்தில் அதிக தூரம் ஓடியது பால்டோ இல்லை. டோகோ என்ற இன்னொரு நாய். அதை ஓட்டியவர் லியோன்ஹார்ட் செப்பாலா.

யார் இவர்?

1877-ல் வடக்கு நார்வேயில் பிறந்தவர். அப்பா மீனவர், கொல்லர் வேலையும் பார்த்தவர். 1900-ல் தங்கம் தேடிப் பலரும் அலாஸ்காவுக்குப் போன நேரத்தில் இவரும் நோம் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். அங்கே ஒரு சுரங்க கம்பெனியில் வேலை.

நோமில் டிசம்பரில் சூரியன் தலைகாட்டுவதே சுமார் நாலு மணி நேரம்தான். கடல் உறைந்துவிடும், கப்பல் வராது. எங்கே போகணும்னாலும் நாய்கள் இழுக்கும் பனிவண்டிதான். அதில் கடிவாளம் கிடையாது. ஓட்டுபவர் குரல் கொடுப்பார், முன்னால் ஓடும் தலைவன் நாய் அதைக் கேட்டுத் திரும்பும். காய்ந்த சால்மன் மீன் போடுவது, பாதத்தில் ஒட்டிய பனிக்கட்டியை எடுத்துவிடுவது என குளிர்காலம் முழுக்க நாய்களோடுதான் வாழ்க்கை.

தோல்வி கற்றுக்கொடுத்த பாடம்

1914-ல் செப்பாலா முதல் முறையாகப் பெரிய பந்தயத்தில் இறங்கினார். பனிப்புயலில் வழி தவறியது, நாய்களின் பாதங்கள் காயமாயின. பாதியிலேயே விலகினார். நாய்களை வதைத்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி அவரை விடவில்லை. அதன் பிறகு நிதானமாகப் பயிற்சி கொடுத்தார். 1915, 1916, 1917 என மூன்று வருஷமும் அவருக்கே வெற்றி.

டோகோ குட்டியாக இருந்தபோது நோஞ்சான். தொண்டையில் வீக்கம் வேறு. இது தேறாது என்று செப்பாலா வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வீட்டுக்கே ஓடி வந்துவிட்டது! எட்டு மாதத்தில் வண்டியில் பூட்டிப் பார்த்தார். முதல் நாளே முன்வரிசைக்கு வந்தது.

1925 ஜனவரியில் என்ன நடந்தது?

நோமில் தொண்டை அடைப்பான் நோய், அதாவது டிப்தீரியா, பரவி குழந்தைகள் இறந்தார்கள். மருந்து ரயிலில் நெனானா வரைக்கும்தான் வரும். மீதி 1,085 கி.மீ. தூரத்தை 20 ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் அஞ்சலோட்டமாகக் கடந்தார்கள்.

மற்றவர்கள் பலர் ஆளுக்கு 50 கி.மீ. அளவில் ஓட்டினார்கள். செப்பாலா மருந்தை வாங்கப் போனது, சுமந்து திரும்பியது எல்லாம் சேர்த்தால் 400 கி.மீ.க்கு மேல். அப்போது டோகோவுக்கு வயசு 12. செப்பாலாவுக்கோ 47. அவருடைய ஒரே மகளும் நோமில்தான் இருந்தாள்.

நேரத்தை மிச்சப்படுத்த, உறைந்த நார்ட்டன் விரிகுடாவின் மேலேயே போகும்போதும் வரும்போதும் வண்டியை ஓட்டினார். பனித்தட்டு உடைந்தால் நேராகக் கடலுக்குள்தான். திரும்பும்போது இருட்டு, புயல். எதிரே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வழி கண்டுபிடிக்கும் பொறுப்பு டோகோவிடம் இருந்தது.

புகழ் யாருக்கு?

பிப்ரவரி 2-ம் தேதி அதிகாலையில் கடைசிக் கட்டத்தை முடித்து ஊருக்குள் நுழைந்தவர் குன்னர் காசன். முன்னால் ஓடியது பால்டோ. அதுவும் செப்பாலா வளர்த்த நாய்களில் ஒன்றுதான்! அதே வருஷம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்டோவுக்குச் சிலை வைத்தார்கள். டோகோவுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லையே என்ற ஆதங்கம் செப்பாலாவுக்குக் கடைசிவரை இருந்தது.

பிறகு டோகோவை அமெரிக்கா முழுக்க அழைத்துப்போனார். வயதான நாய்க்கு அலாஸ்கா குளிர் இனி வேண்டாம் என்று மெய்ன் மாநிலத்தில் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். ஒருமுறை கொடுத்துப் பார்த்தும் ஓடி வந்த அதே நாயை, இந்த முறை அதன் நன்மைக்காகவே பிரிந்தார். 1929-ல் டோகோ இறந்தது. 1967-ல் 89 வயதில் செப்பாலா காலமானார்.

டோகோவுக்கும் நியூயார்க்கில் ஒரு சிலை வந்தது. ஆனால் அது 2001-ல்தான்.