ஆக்னஸ் சாம்ப்சன்: மருத்துவச்சி மீது விழுந்த பழி

பிறர் நோய் தீர்த்த கைகளுக்கே விலங்கு பூட்டிய நிகழ்ச்சிகள் உலக வரலாற்றில் உண்டு. ஸ்காட்லாந்தில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆக்னஸ் சாம்ப்சன் அம்மையாரின் வாழ்வு அத்தகையது.

எடின்பரோ நகருக்குக் கிழக்கே நெதர் கீத் என்னும் ஊரில் அவர் வாழ்ந்தார். கணவரை இழந்தவர், பிள்ளைகளைப் பெற்றவர். பேறுகாலம் பார்ப்பதும், பிணியாளருக்காக இறைவனை வேண்டி நலம் தேடுவதும் அவர்தம் பணிகள். ஊரார் அவரை அறிவுடைய பெண்மணி என்றே அழைத்தனர். உயர்குடியினரும் அவரை நாடினர்.

1589ஆம் ஆண்டு மன்னர் ஆறாம் ஜேம்ஸுக்கும் டென்மார்க் இளவரசி ஆனுக்கும் மணம் உறுதியாயிற்று. இளவரசி புறப்பட்ட கப்பல் புயலில் சிக்கி நார்வேயில் ஒதுங்கியது. மன்னரே கடல் கடந்து சென்று, 1590 மே திங்களில் அரசியுடன் திரும்பினார். புயலுக்குச் சூனியமே காரணம் எனக் கூறி டென்மார்க்கில் பெண்கள் சிலர் எரிக்கப்பட்டனர். அந்த அச்சம் ஸ்காட்லாந்தையும் பற்றிக்கொண்டது. டிரானென்ட் ஊரில் கில்லிஸ் டங்கன் என்னும் பணிப்பெண்ணை அவளுடைய எசமானர் ஐயுற்று வதைத்தார். வதை தாளாது அவள் கூறிய பெயர்களுள் ஆக்னஸின் பெயரும் ஒன்று.

ஹோலிரூட் அரண்மனையில் மன்னரே அவரை விசாரித்தார். ஆக்னஸ் முதலில் உறுதியாக மறுத்தார். பின்னர் அவருடைய முடி மழிக்கப்பட்டதையும், தலை கயிற்றால் இறுக்கப்பட்டதையும் 1591இல் வெளியான சிறுநூல் ஒன்று தெரிவிக்கிறது. இறுதியில் அவர் அனைத்தையும் ஒப்புக்கொண்டார். நோயாளி பிழைப்பாரா என முன்னுரைத்ததும், பிணி தீர ஓதிய வேண்டுதலும்கூடக் குற்றங்களாயின. 1591 சனவரி 28 அன்று எடின்பரோ கோட்டைக் குன்றில் அவர் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

பாதிக்கப்பட்டதாகக் கருதியவரே விசாரணையாளராகவும் அமர்ந்தால் நீதி எங்ஙனம் நிலைக்கும்? வதையால் பெற்ற வாக்குமூலம் வதைத்தவரின் அச்சத்தையே காட்டும், உண்மையைக் காட்டாது. ஆதாரமின்றிப் பெண்கள் மீது அவதூறு சுமத்துவதைத் திருக்குர்ஆன் வன்மையாகக் கண்டிப்பதையும் நாம் இங்கு நினைவுகூரலாம்.

1563இல் பிறந்த ஸ்காட்லாந்தின் சூனியச் சட்டம் 1736இல்தான் நீங்கியது. அதற்குள் ஏறத்தாழ நாலாயிரம் பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். 2022 மார்ச் 8 அன்று அந்நாட்டின் முதலமைச்சராயிருந்த நிக்கோலா ஸ்டர்ஜன் அவர்களுக்காக முறைப்படி மன்னிப்புக் கோரினார். நானூறு ஆண்டுகள் கழித்து வந்த அச்சொல் ஆக்னஸை மீட்கவில்லை. எனினும், ஒருவர் மீது பழி கேட்கும்போது அதற்குச் சான்று எது என்று வினவும் கடமையை அது நம் அனைவருக்கும் உணர்த்துகிறது.