மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றவர்: ஹரியற் ரப்மன் அம்மையார்

அடிமைத்தனத்தை எதிர்த்து நின்ற பெண்மணிகளுள் உலகம் முதலில் நினைவுகூரும் பெயர்களில் ஒன்று ஹரியற் ரப்மன். அவர் எந்தப் பாடசாலையிலும் படித்தவரல்லர். வாழ்நாள் முழுவதும் எழுத வாசிக்கத் தெரியாதவராகவே இருந்தார். ஆயினும் பெண்கல்விக்கென எழுந்த கல்லூரியொன்றின் நூற்றாண்டு மலரில் அவரது வாழ்க்கைக்கு இடமுண்டு.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், டோர்செஸ்ரர் பகுதியில், 1822ஆம் ஆண்டளவில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அரமின்ரா. வீட்டில் மின்ரி என்று அழைத்தனர். தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே என்பது அங்கிருந்த சட்டம். ஆறு வயதளவிலேயே எஜமானர் அவரைப் பிறரிடம் கூலிக்கு அனுப்பினார். குளிர்நீரில் இறங்கி நீரெலிப் பொறிகளைப் பார்ப்பது ஒரு வேலை. சின்னமுத்து கண்டிருந்தபோதும் அவ்வேலை நிற்கவில்லை. சகோதரிகள் மூவர் தூர இடத்துக்கு விற்கப்பட்டனர். குடும்பத்தார் அவர்களை மீண்டும் காணவேயில்லை.

பதின்ம வயதில், தப்பியோட முயன்ற வேறொருவரை நோக்கிக் கங்காணி எறிந்த இரண்டு இறாத்தல் படிக்கல் அவருடைய தலையில் பட்டது. அன்றுமுதல் திடீரெனத் தூக்கத்தில் ஆழ்ந்துவிடும் நோய் அவரை இறுதிவரை விடவில்லை. 1844ஆம் ஆண்டளவில் ஜோன் ரப்மன் என்னும் சுதந்திரமான கறுப்பினத்தவரை மணந்து, தாயின் பெயரான ஹரியற் என்பதையும் தமதாக்கிக்கொண்டார்.

1849இல் எஜமானர் இறந்தார். கடனை அடைக்க அடிமைகள் விற்கப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் ஹரியற் தம் சகோதரர் இருவருடன் புறப்பட்டார். அவர்கள் அஞ்சித் திரும்பவே, அவரும் உடன் திரும்ப நேர்ந்தது. சில நாட்களில் மீண்டும் தனியே புறப்பட்டு, இரவில் வடமீனைப் பார்த்து நடந்து, அடிமைத்தனம் இல்லாத பென்சில்வேனியா மாநிலத்தை அடைந்தார்.

அவருக்கு வழியில் உதவியது நிலக்கீழ்ப் புகையிரதப் பாதை என்று பெயர் பெற்ற இரகசிய வலையமைப்பு. அதில் தண்டவாளமும் இல்லை, சுரங்கமும் இல்லை. தப்பி வருவோரை ஒளித்து வைத்து, உணவு கொடுத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவைத்த மனிதர்களே அந்தப் பாதை. ஒளிந்திருக்கும் வீட்டை நிலையம் என்றும், வீட்டுக்காரரை நிலைய அதிபர் என்றும், அழைத்துச் செல்பவரை நடத்துனர் என்றும் மறைமொழியில் குறிப்பிட்டனர். சுதந்திரமான கறுப்பினத்தவரும், அடிமைகளாயிருந்தோரும், குவேக்கர் சமயத்தவரும் இதில் பங்குகொண்டனர். வில்மிங்ரன் நகரில் இரும்பு வியாபாரம் செய்த தோமஸ் கரற் என்னும் குவேக்கர் 1848இல் நீதிமன்றத்தில் பெருந்தொகை தண்டம் விதிக்கப்பட்ட பின்னும் இப்பணியை விடவில்லை. பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்ரில் என்னும் கறுப்பினத்தவர், பிரிந்த குடும்பங்கள் என்றாவது ஒன்றுசேர உதவும் என்று, வந்தவர்களின் வரலாற்றை ஒவ்வொன்றாக எழுதிவைத்தார்.

தப்பி வந்த பலர் புதிய வாழ்வைத் தொடங்கினர். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஹரியற்றோ சமையல் வேலையும் வீட்டு வேலையும் செய்து பணம் சேர்த்துக்கொண்டு திரும்பிச் சென்றார். 1850 டிசம்பரில் அவருடைய பெறாமகள் இரு பிள்ளைகளுடன் கேம்பிரிட்ஜ் நீதிமன்ற வாசலில் ஏலத்துக்கு நின்றபோது, அப்பெண்ணின் கணவரே விலை கேட்டு, பணம் கட்டும் முன்னர் அவர்களை மறைத்துப் படகில் பால்ரிமோருக்குக் கொண்டுசென்றார். அங்கிருந்து அழைத்துச் சென்றவர் ஹரியற். மறு ஆண்டு கணவரை அழைத்துவரச் சென்றபோது, அவர் வேறொருத்தியை மணந்திருந்தார். ஹரியற் வெறுங்கையுடன் திரும்பவில்லை. புறப்படத் துணிந்த வேறு சிலரை அழைத்துச் சென்றார்.

அவரது திட்டம் நுணுக்கமானது. இரவு நீளும் மாரிகாலத்தையே பெரும்பாலும் தெரிவுசெய்தார். சனி இரவில் புறப்பட்டால், தேடுதல் விளம்பரம் பத்திரிகையில் வரத் திங்கள் ஆகிவிடும். குழந்தைகள் அழாதிருக்கத் தூக்கமருந்து வைத்திருந்தார், கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்.

1854இல் நத்தாருக்கு மறுநாள் அவருடைய சகோதரர் மூவர் விற்கப்படவிருந்தனர். ஹரியற் அவர்களை அழைத்துக்கொண்டு பெற்றோரின் குடிசைக்கு அருகே சோளத் தட்டுக் கொட்டிலில் ஒளிந்திருந்தார். தந்தைக்கு மட்டும் சொல்லப்பட்டது. நத்தார் விருந்துக்கு மக்கள் வருவார்கள் என்று தாய் வாசலுக்கு வந்து வந்து பார்ப்பதை அவர்கள் பலகை இடுக்கினூடாகக் கண்டனர். சொன்னால் தாய் கதறிவிடுவார் என்பதால் சொல்லாமலே போயினர். தந்தை கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு சிறிது தூரம் உடன் நடந்தார். பின்னர் விசாரித்தால், மக்களைக் காணவில்லை என்று பொய்யின்றிச் சொல்ல வேண்டுமல்லவா? தப்பியோடியவர்களுக்குப் புகலிடம் கொடுத்ததற்காகத் தந்தை கைதாகும் நிலை 1857இல் வந்தபோது, முதியவர்களான பெற்றோரையும் ஹரியற்றே அழைத்துச் சென்றார்.

1850ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தப்பியோடியவர்களை வட மாநிலங்களிலும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். ஆதலால் பிரித்தானிய ஆட்சியில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டிருந்த கனடாவில், சென் கதரின்ஸ் நகரில் அவர் தம்மவரைக் குடியேற்றினார். கனடாவில் வாழும் எம் சகோதரிகள் அந்நகருக்குச் செல்ல நேர்ந்தால், அம்மக்கள் வழிபட்ட சேலம் தேவாலயத்தை இன்றும் காணலாம்.

பழைய நூல்கள் முந்நூறு பேரை மீட்டார் என்று கூறினும், ஆய்வாளர் கணிப்பில் ஏறத்தாழ 13 பயணங்கள், ஏறத்தாழ 70 பேர். எண்ணிக்கை குறைந்ததால் பெருமை குறையவில்லை. ஒவ்வொரு பயணமும் பிடிபட்டால் மீளமுடியாத பயணம். எல்லாம் கைகூடவும் இல்லை. தங்கை றேச்சலுக்காகப் பலமுறை முயன்றார். பிள்ளைகளை விட்டுவர அவள் மறுத்தாள். 1860இல் கடைசியாகச் சென்றபோது அவள் இறந்துபோயிருந்தாள். பிள்ளைகளையும் கொண்டுவர முடியவில்லை.

உள்நாட்டுப் போரில் அவர் தாதியாகவும் ஒற்றராகவும் பணியாற்றினார். 1863 ஜூனில் தென் கரோலினாவின் கொம்பாகி ஆற்றில் படையினருக்கு வழிகாட்டி, 700க்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் விடுதலை பெற உதவினார். அரசு அவரது சேவையை ஏற்று மாதம் 20 டொலர் உதவி வழங்கியது 1899இல் தான்.

நியூ யோர்க் மாநிலத்தின் ஓபர்ன் நகரில் இருந்த அவரது வீட்டில் முதியோரும் அநாதைகளும் எப்போதும் இருந்தனர். பெண்களின் வாக்குரிமைக்காகவும் மேடையேறினார். அவரது முயற்சியால் 1908இல் அங்கு முதியோர் இல்லம் திறக்கப்பட்டது. அதே இல்லத்தில், 1913 மார்ச் 10ஆம் திகதி, தொண்ணூறு வயதளவில் அவர் காலமானார்.

தாம் பாதுகாப்பான கரை சேர்ந்துவிட்டதை அவர் முடிவாகக் கொள்ளவில்லை; பின்னால் நின்றவர்களுக்கு வழி தெரிந்தவர் தாமே என்று கொண்டார். பிறந்த மண்ணை விட்டுப் பல தேசங்களில் வாழும் எமக்கு அவர் விட்டுச்சென்ற பாடம் அதுவே.