சென்னையில் பிறந்த பனிமலைப் பந்தயத் தந்தை

படிக்கும் வயதில் விளையாட்டு எதற்கு என்று கேட்கும் பெற்றோர் உண்டு. விளையாட்டில் மனம் சென்றால் பாடம் பாழாகும் என்று அஞ்சும் ஆசிரியைகளும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே சுமக்க முயன்று, ஒன்றில் சறுக்கி, மற்றொன்றில் உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வாழ்வை இங்குச் சிறிது காண்போம். அவரே சர் ஆர்னால்ட் லன்.

பனிமழையையே கண்டறியாத நம் சென்னை மாநகரில் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் அவர் பிறந்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? தந்தை ஹென்றி லன், மெதடிஸ்ட் சபையின் மருத்துவ ஊழியராக இங்கு வந்திருந்தார். விரைவிலேயே குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிற்று. பின்னர் தந்தை, குளிர்காலத்தில் ஆங்கிலேயரை ஆல்ப்ஸ் மலைகளுக்கு அழைத்துச் செல்லும் தொழிலை மேற்கொண்டார். அவ்வாறு 1898ல் பிரான்சு நாட்டின் ஷமோனிக்குச் சென்றபோது, பத்து வயதுச் சிறுவன் ஆர்னால்ட் முதன்முதலாகப் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டினான்.

பின்னர் ஹாரோ என்னும் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளியில் சேர்ந்தான். அங்கு அவன் எழுதிய நாட்குறிப்பே பிற்காலத்தில் ஒரு நாவலுக்கு வித்தாயிற்று. 1913ல் வெளிவந்த அந்நூல் பள்ளி வாழ்க்கையை உள்ளபடி காட்டியதால் பலருடைய சினத்துக்கும் ஆளானது.

ஆக்ஸ்போர்டில் படித்த காலத்தில் 1908ல் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்றையும், மறு ஆண்டில் மலையேறுவோர் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். மாணவர் இதழுக்கும் ஆசிரியரானார். இத்தனை அலுவல்களுக்கிடையே பட்டம் மட்டும் கிட்டவில்லை! பட்டம் பெறாமலே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய சோதனை 1909ல் வந்தது. வேல்ஸ் நாட்டு மலையொன்றில் ஏறும்போது விழுந்து, காலை முறித்துக்கொண்டார். ஒரு கால் நிரந்தரமாகக் குட்டையாயிற்று. புண் ஆறப் பல்லாண்டுகள் ஆயின. வேறொருவராயின் பனிமலையை மறந்திருப்பார். அவரோ அந்தக் காலுடனேயே 1924ல் தோழர்களோடு, பனிச்சறுக்குக் கட்டைகளின் துணையால் ஐகர் சிகரத்தை எட்டினார்.

ஆயினும் அவருடைய பெருமை, தாம் வென்றதில் அன்று, பிறர் வெல்ல வழி வகுத்ததிலேயே உள்ளது. அக்காலத்தில் பனிச்சறுக்கு என்றால் நீண்ட தூர ஓட்டமும் தாண்டுதலுமே பெரிதாக மதிக்கப்பட்டன. லன் 1922ல் சுவிட்சர்லாந்தின் மியூரென் கிராமத்தில், சரிவில் கொடிகளை இணையிணையாக நட்டு, அவற்றினூடே வளைந்து வளைந்து இறங்கும் பந்தயத்தை நடத்தினார். அதுவே இன்றைய ஸ்லாலம். அழகுக்கு மதிப்பெண் இல்லை. குறைந்த நேரத்தில் இறங்குபவரே வெற்றியாளர். நார்வே நாட்டினர் நெடுங்காலம் எதிர்த்தனர். எனினும் 1930ல் உலகச் சங்கம் இப்பந்தயங்களை ஏற்றுக்கொண்டது. 1936ல் அவை ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றன.

பெண்களையும் அவர் மறக்கவில்லை. 1923ல் மியூரெனில் பெண்களுக்கென்றே ஒரு பனிச்சறுக்குச் சங்கம் எழத் துணைநின்றார். 1931ல் அங்கே நடந்த முதல் உலகப் போட்டியில் ஆடவரோடு மகளிருக்கும் பந்தயங்கள் வைக்கப்பட்டன. மகளிருக்கான சரிவுப் பந்தயம், ஸ்லாலம் இரண்டிலும் வென்றவர் எஸ்மே மக்கின்னன். அப்போது அவருக்கு வயது 17. நம் மேல்வகுப்பு மாணவியரின் வயதுதான்!

வெற்றியைவிட நேர்மையைப் பெரிதாக எண்ணியவர் லன். 1938ல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றி, அவருடைய நண்பரும் பனிச்சறுக்கு ஆசானுமான ஹன்னஸ் ஷ்னைடரைச் சிறையிலிட்டனர். உடனே, இருவரும் சேர்ந்து நிறுவிய பந்தயத்தை அவ்வாண்டு அங்கே நடத்தாமல் நிறுத்திவிட்டார். நெடுநாள் ஐயங்களுக்குப் பின் 1933ல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததும் அதே நேர்மையால்தான். 1952ல் சர் பட்டம் பெற்றார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதி, 1974 ஜூன் 2ஆம் நாள் தமது 86ஆம் வயதில் மறைந்தார்.

அன்பு மாணவியரே! பட்டத்தைத் தவறவிட்டவரும் படிப்பைக் கைவிடவில்லை. கால் குறைந்தவரும் மலையைக் கைவிடவில்லை. புத்தகமும் மைதானமும் ஒன்றுக்கொன்று பகையல்ல; இரண்டுக்கும் உரிய நேரத்தை வகுக்கத் தெரியாமையே பகை. லன் இழந்ததை நாம் இழவாதிருப்போம். அவர் காத்ததை நாமும் காப்போம்.